போதகர் வீட்டில் ஒரு மாத்திரை அட்டை



ஒவ்வொரு ஆண்டின் முடிவிலும் என் ஊழியக் குறிப்பேட்டை எடுத்து, அவ்வாண்டில் நடந்தவற்றைக் கணக்குப் பார்ப்பது என் வழக்கம். வேதாகமக் கல்லூரியில் படித்த நாட்களில் எங்கள் ஆசிரியர் கற்றுத்தந்த பழக்கம் அது. 2024-ஆம் ஆண்டின் குறிப்பேட்டை நான் எடுத்தபோது கண்டவை இவை: வீடு சந்திப்புகள் 212, அடக்க ஆராதனைகள் 9, திருமணங்கள் 5, ஞானஸ்நானம் பெற்றவர்கள் 14 பேர். கர்த்தருக்கே மகிமை! ஆனால் அந்தக் கணக்கில் சேராத ஒரு காரியத்தையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளும்படி என் உள்ளம் ஏவப்படுகிறது. அது என் சொந்த வீட்டைப் பற்றியது. சொல்வதற்கு எனக்கு வெட்கமாயிருந்தாலும், உங்களில் சிலருக்கு அது பிரயோஜனமாயிருக்கும் என்று நம்புகிறேன்.

ஆண்டின் தொடக்கம்

எங்கள் சபை மும்பை தாராவியில், ஒரு குறுகிய சந்தின் முதல் மாடியிலுள்ள கூடத்தில் கூடிவருகிறது. 2023 டிசம்பர் 31 இரவு ஆராதனையில் அந்தக் கூடம் நிறைந்து, படிக்கட்டுகளிலும் மக்கள் உட்கார்ந்திருந்தார்கள். 121-ஆம் சங்கீதத்திலிருந்து புத்தாண்டு வாக்குத்தத்தம் கொடுக்கப்பட்டது. நம் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பார் என்று நான் பிரசங்கித்தபோது, சபையார் கண்ணீரோடு ஆமென் சொன்னார்கள்.

ஜனவரி முதல் வீடு சந்திப்புகள் தொடங்கின. முன்பெல்லாம் விசுவாசிகள் யாவரும் தொண்ணூறடி சாலையைச் சுற்றியே குடியிருந்தார்கள். இப்பொழுது பலர் கல்யாண், வசை, நவி மும்பை என்று சிதறிப் போயிருக்கிறார்கள். ஒரு வீட்டில் ஜெபித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் இரண்டு லோக்கல் ரயில்கள் மாற வேண்டியிருக்கும். நான் வீடு திரும்பும்போது பெரும்பாலும் பத்து மணியைக் கடந்துவிடும். என் மனைவி உணவை மூடிவைத்துவிட்டுக் காத்திருப்பாள். எங்கள் மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்காக விளக்கை எரியவிட்டுப் படித்துக்கொண்டிருப்பாள்.

மார்ச் மாதத்தில் என் மனைவிக்கு இருமல் தொடங்கியது. எங்கள் சந்தில் தூசியும் புகையும் உண்டு. இருமல் யாருக்கும் புதிதல்ல. மருந்துக் கடையில் ஒரு சிரப் வாங்கிக் கொடுத்தேன். பெரிய வெள்ளி மார்ச் 29-இல் வந்தது. மார்ச் 31 உயிர்த்தெழுதல் பண்டிகை. அன்று அதிகாலை ஆராதனைக்குப் பின் நூற்றைம்பது பேருக்கு அவளே நின்று உப்புமா கிண்டினாள். இடையிடையே சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு இருமியதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, அடுத்த வீட்டு ஜெபத்துக்குப் போய்விட்டேன்.

நான் கையில் பிடித்த ஒலிவாங்கி

ஏப்ரல் மாதத்தில் மூன்று நாள் உபவாசக் கூட்டம் நடத்தினோம். மூன்றாம் நாளில் ஒரு சகோதரி சாட்சி சொல்ல முன்வந்தார்கள். தமக்குக் காசநோய் இருந்ததாகவும், சில மாதங்களாக மாத்திரை சாப்பிட்டு வந்ததாகவும், கூட்டத்தில் ஜெபித்தபோது நெஞ்சிலிருந்து பாரம் நீங்கியதாகவும் சொன்னார்கள். சபையார் கைதட்டிக் கர்த்தரைத் துதித்தார்கள். அந்தச் சகோதரிக்கு முன்பாக ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்தான். "மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுங்கள் அம்மா" என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இதை மறவாதிருங்கள், பின்னர் இதற்குத் திரும்பி வருகிறேன்.

மே மாதத்தில் சபையில் பாதிப்பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். அது உங்களுக்குத் தெரிந்ததே. மும்பையிலிருந்து நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறினால், ஒரு நாளுக்கும் மேலான பயணம். எங்கள் வீட்டாரையும் அனுப்ப எண்ணினேன். "விடுமுறை வேதாகமப் பள்ளிப் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்?" என்று சொல்லி என் மனைவி போகவில்லை. மகள் தேர்வில் நல்ல மதிப்பெண்களோடு தேறினாள். நாங்கள் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சியிலும் இருமல் நின்றபாடில்லை.

ஜூன் இரண்டாம் வாரம் மழை தொடங்கியது. ஓர் இரவு கூரை ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தேன். மகள் என் அருகில் வந்து நின்று, "அப்பா, சபையில் யார் இரண்டு நாள் இருமினாலும் நீங்கள் போன் செய்து கேட்கிறீர்கள். அம்மா மூன்று மாதமாக இருமுகிறார்கள்" என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. நான் பதில் சொல்லாமல் நின்றேன்.

பரிசோதனை

மறுநாள் மாநகராட்சி மருந்தகத்துக்குப் போனோம். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தாலே சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்று அங்கிருந்த டாக்டர் கண்டிப்போடு சொன்னார். ஆறு மாதங்களுக்கு முன் 58 கிலோவாக இருந்த என் மனைவியின் எடை 49 ஆகியிருந்தது. ஒரே வீட்டில் வாழ்ந்தும் நான் அதைக் கவனிக்கவில்லை. சளியில் காசநோய்க் கிருமி இருப்பது உறுதியாயிற்று. ரிஃபாம்பிசின் என்னும் முக்கியமான மருந்துக்கு அக்கிருமி கட்டுப்படும் என்பதும் அதே பரிசோதனையில் தெரியவந்தது. எனக்கும் பிள்ளைகளுக்கும் மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். தேவ கிருபையால் எங்களுக்கு நோய் இல்லை.

சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பின்பு நான்கு மாதம் மூன்று மருந்துகள். நாள்தோறும் எடைக்கு ஏற்ற அளவில் மாத்திரை. பரிசோதனையும் மருந்தும் இலவசம். சத்துணவுக்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்கில் செலுத்தி வந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1000 ரூபாயாக உயர்ந்தது. மாத்திரை சாப்பிடும்போது சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம் என்றும், சில வாரங்களிலேயே உடல் தேறியதுபோலத் தோன்றும், அப்போது மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது என்றும் டாக்டர் சொன்னார். இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குக் கட்டுப்படாததாக மாறிவிடக்கூடும்.

பிரியமானவர்களே, வீடு வந்து சேர்ந்ததும் நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? பிள்ளைகளை அழைத்து, "இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்றேன். மாத்திரை அட்டையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தோம். அம்மாவுக்கு உடல்நலம் சரியில்லை என்று மட்டும் சபைக்கு அறிவித்தேன். வியாதிக்காரருக்காக ஜெபிக்கிற போதகர் வீட்டிலேயே வியாதியா என்று ஜனங்கள் கேட்பார்களே என்ற பயம் எனக்கு. என் மனைவி மூன்று மாதம் வாய் திறவாமல் இருந்ததற்கும் அதே பயந்தான் காரணம். "உங்கள் ஊழியத்துக்கு என்னால் ஒரு குறை வந்துவிடக் கூடாது என்று நினைத்தேனுங்க" என்றாள்.

வேதம் என்ன சொல்லுகிறது?

அந்நாட்களில் இரவு நேரத்தில் வேதத்தை எடுத்து, நான் அதிகம் பிரசங்கித்திராத பகுதிகளை வாசித்தேன். பவுல் அப்போஸ்தலன் மூலமாகத் தேவன் அநேகரைச் சுகப்படுத்தினார். ஆயினும் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடே விட்டுவந்ததாக அவரே எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாய் வியாதிப்பட்டான். அது அவனுடைய அவிசுவாசத்தினால் என்று பவுல் ஓரிடத்திலும் சொல்லவில்லை (பிலிப்பியர் 2:25-27). தீமோத்தேயுவின் வயிற்று உபாதைக்கு ஒரு வீட்டு மருத்துவத்தையே அவர் சொல்லி அனுப்புகிறார் (1 தீமோத்தேயு 5:23). எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து ஆண்டுகளைக் கூட்டிக்கொடுத்த தேவனுடைய தீர்க்கதரிசிதான், அத்திப்பழப் பற்றைப் பிளவையின்மேல் வைக்கச் சொன்னார் (ஏசாயா 38:21). பவுலோடிருந்த லூக்காவோ ஒரு வைத்தியன் (கொலோசெயர் 4:14).

தெய்வீக சுகத்தை நான் இன்றும் விசுவாசிக்கிறேன். கைகளை வைத்து ஜெபிக்கிறேன். ஆனால் ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகை என்று வேதம் எங்கும் போதிக்கவில்லை. நான் அப்படி வாய்விட்டுப் பிரசங்கித்ததில்லை. எனினும் மாத்திரை அட்டையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தபோது, என் செய்கை அதைத்தான் பிரசங்கித்துக்கொண்டிருந்தது.

ஜூலை 28

ஜூலை மாதத்தின் கடைசி ஞாயிறன்று பிரசங்க பீடத்தில் நின்று சபைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். "ஐயா, இதை மேடையில் சொல்ல வேண்டாமே" என்று மூப்பர் ஒருவர் முன்னமே தடுத்தார். என் மனைவியோ, "சொல்லுங்க" என்றாள். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக் காட்டினேன். கூடத்தில் மின்விசிறியின் சத்தம் மட்டுமே கேட்டது.

ஆராதனை முடிந்து எல்லாரும் போனபின் ஒருவர் மாத்திரம் படிக்கட்டருகே நின்றார்கள். ஏப்ரல் மாதத்தில் சாட்சி சொன்ன அதே சகோதரி. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "பாஸ்டர், நான் அன்றைக்கே மாத்திரையை விட்டுவிட்டேன். இப்போது மறுபடியும் இருமல் வருகிறது. சாட்சி சொல்லிவிட்டு எப்படிச் சொல்வது என்று இருந்தேன்" என்றார்கள்.

மறுநாள் என் மனைவியே அவர்களை மருந்தகத்துக்கு அழைத்துச் சென்றாள். பரிசோதனையில் ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத காசநோய் என்று வந்தது. வேறு மருந்துகள், கடினமான, நீண்ட சிகிச்சை. நான் ஒலிவாங்கியைப் பிடித்திருந்த அந்த நாளில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஜூன் மாதத்திலேயே உண்மையைச் சொல்லியிருந்தாலும், ஆறு வாரம் முன்னதாகவே அவர்கள் என்னிடம் வந்திருப்பார்கள். இதற்காகத் தேவனிடத்தில் மன்னிப்புக் கேட்டேன், அவர்களிடத்திலும் கேட்டேன். "நீங்கள் சொன்னதால்தானே பாஸ்டர் நான் வந்தேன்" என்றார்கள். அவர்கள் அப்படிச் சொன்னபோதிலும், என் பங்கை நான் மறக்கவில்லை.

சபையில் நடந்த மாற்றங்கள்

இரண்டு குடும்பத்தார் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களில் ஒரு குடும்பம் கிறிஸ்துமஸுக்குத் திரும்பிவந்தது. எங்கள் வீட்டில் தேநீர் குடிக்கச் சிலர் தயங்கினார்கள். காசநோய் டம்ளராலும் தட்டாலும் பரவுவதில்லை. இருமும்போதும் பேசும்போதும் காற்றின் வழியாகவே பரவுகிறது. சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களில் பரவும் அபாயமும் பெரிதும் குறைந்துவிடுகிறது. இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னோம். மேடையில் சொல்ல வேண்டாம் என்று தடுத்த அதே மூப்பர், மறு வாரத்திலிருந்து தினமும் காலையில் நான்கு முட்டைகளைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவார். டிசம்பர் வரை ஒரு நாளும் தவறவில்லை.

இன்னொரு காரியம். பாட்டுச் சத்தத்தால் அக்கம்பக்கத்தார் குறைகூறுகிறார்கள் என்று எங்கள் கூடத்தின் ஜன்னல்களைப் பல ஆண்டுகளாக மூடியே வைத்திருந்தோம். நூறு பேர் மூடிய அறையில் மூன்று மணி நேரம் மூச்சுவிட்டுப் பாடிக்கொண்டிருந்தோம். ஆகஸ்ட் 15 அன்று வாலிபர்கள் ஒன்றுகூடி, துருப்பிடித்த ஜன்னல்களைத் திறந்து, காற்றை வெளியேற்றும் விசிறி ஒன்றைப் பொருத்தினார்கள். ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்தோம். ஆராதனையின் வல்லமை குறையவில்லை.

அக்டோபர் மாதத்தில் திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு கன்வென்ஷனுக்குச் செய்தியாளராக அழைக்கப்பட்டிருந்தேன். என் ஊழிய நாட்களில் முதன்முறையாக, வீட்டில் இருக்க வேண்டியதால் வர இயலாது என்று எழுதினேன். அந்த வாரம் என் மனைவிக்குக் கஞ்சி வைத்தேன். அது குழைந்துபோயிற்று, சிரித்துக்கொண்டே குடித்தாள்.

டிசம்பர் மூன்றாம் வாரத்தில் அவளுடைய சிகிச்சை முடிந்தது. சளியில் கிருமி இல்லை. எடை 55 கிலோ. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! அந்தச் சகோதரி இன்னும் மாத்திரை சாப்பிட்டு வருகிறார்கள். அவர்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குச் சில வார்த்தைகள்

சொந்த ஊரை விட்டு, மும்பையிலும் பெங்களூரிலும் டெல்லியிலும் சிறிய அறைகளில் வாழ்கிற தேவ பிள்ளைகளே, உங்கள் வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், இந்த வாரமே அரசு மருந்தகத்துக்குப் போங்கள். ஜெபித்துவிட்டுப் போங்கள். சுகம் கிடைத்ததென்று உணர்ந்தாலும், டாக்டர் சொல்லும்வரை மாத்திரையை நிறுத்தாதிருங்கள். பரிசோதனையில் நோயில்லை என்று வந்தபின் சாட்சி சொல்லுங்கள்; அந்தச் சாட்சியிலும் தேவன் மகிமைப்படுவார்.

உடன் ஊழியர்களே, சாட்சி சொல்லும் ஒருவருக்கு ஒலிவாங்கியைக் கொடுக்கும்போது, "மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். தன் வீட்டை விசாரிக்காதவன் தேவனுடைய சபையை எப்படி விசாரிக்க முடியும் என்று பவுல் கேட்டதை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். நம் வீட்டார் எதையும் கேட்கமாட்டார்கள். நம் ஊழியத்துக்காக அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஆகையால் நாமே கேட்க வேண்டும்.

இவ்வாண்டு என் குறிப்பேட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளை வெறுமையாய் விட்டிருக்கிறேன். அது எங்கள் வீடு சந்திப்பு.

ஜெபிப்போமா? "அன்பின் பரலோகப் பிதாவே, இதை வாசிக்கிற வீடுகளில் மறைத்துவைக்கப்பட்டிருக்கிற வியாதிகளை நீர் அறிவீர். அவற்றை வெளியே சொல்லத் தைரியத்தைத் தாரும். கேட்கிறவர்களுக்கு இரக்கமுள்ள இருதயத்தைத் தாரும். மருத்துவர்களின் கைகளை ஆசீர்வதியும். சிகிச்சையில் இருக்கிற ஒவ்வொருவரையும் முடிவுபரியந்தம் பெலப்படுத்தும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே, ஆமென்."