உங்களுக்குத் தெரியுமா? ஆன்டிபயாடிக் மாத்திரையால் குதிகால் நரம்பு வலிக்கலாம்!

சிறுநீர்த் தொற்றுக்குச் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? குதிகாலுக்கு மேலே, கெண்டைக்காலோடு சேரும் தடித்த நாண் திடீரென்று வலித்தால் தைலம் தேய்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். நரம்பு இழுக்கிறது என்று நாம் சொல்வது உண்மையில் இந்தத் தசைநாணைத்தான். இவ்வகை மருந்துகள் அதை வீங்கவைக்கலாம். அரிதாக அது அறுந்தும் போகலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008-லேயே இதைக் கட்டமிட்ட எச்சரிக்கையாக அச்சிடச் சொன்னது. 60 வயதைத் தாண்டியவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள், சிறுநீரகம் போன்ற உறுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்கு ஆபத்து கூடுதல். மாத்திரையை முடித்துச் சில மாதங்கள் கழித்துக்கூட இந்த வலி வரலாம். அதனால்தான் பலர் இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பார்ப்பதில்லை.

வலித்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல், காலுக்கு ஓய்வு கொடுத்து, அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். மருந்துச் சீட்டையும் எடுத்துப்போங்கள். கடையில் கத்தரித்துத் தந்த அட்டைத் துண்டில் பெயர் பாதிதான் இருக்கும்.

எந்த ஆன்டிபயாடிக் ஆனாலும் உதடோ நாக்கோ வீங்கி மூச்சு முட்டினால் உடனே 108. தண்ணீராகப் பலமுறை பேதி போனாலோ, அதில் ரத்தம் கலந்திருந்தாலோ, பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், டாக்டரிடம் போங்கள்.