ரீஃப் டேங்க் ரெடி, மீன் எப்போ விடலாம்? 'லைவ் ராக்' வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஹைதராபாத் கச்சிபௌலியில் ஒரு ஃப்ளாட். ஹாலில் 200 லிட்டர் கண்ணாடித் தொட்டி, உப்புநீர், லைட் எல்லாம் ரெடி. இனி 'நீமோ' மீனை விட வேண்டியதுதானே? கொஞ்சம் பொறுங்க. இன்றே விட்டால், மீன் தன் கழிவாலேயே சில நாள்களில் செத்துப்போகலாம்.

'சைக்கிளிங்' என்றால் என்ன?

மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா உருவாகும். அது நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். இதில் ஆபத்து குறைவு; அவ்வப்போது தண்ணீர் மாற்றினால் போதும். இந்த பாக்டீரியாக்கள் பெருகும் வரை காத்திருப்பதுதான் சைக்கிளிங். வழக்கமாக 4 முதல் 6 வாரம் ஆகும்.

லைவ் ராக் எதற்கு?

கடலடியில் கிடந்த, துளைகள் நிறைந்த கல் இது. பாக்டீரியாக்கள் அதில் ஏற்கெனவே குடியிருப்பதால் காத்திருப்பு குறையும்.

அதில் என்ன சிக்கல்?

இந்தக் கல் பெரும்பாலும் பவளத்தின் எலும்புக்கூடு. பாறை அமைக்கும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலி இருப்பதும் அதே அட்டவணையில்தான். மீறினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

காரணம் நம்ம தூத்துக்குடி பக்கமே இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பல காலம் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அங்குள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலில் மூழ்கிவிட்டன. அலையைத் தடுத்த பவளம் போனது இதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

அப்போ என்ன வழி?

துளைகள் உள்ள செராமிக் கல்லும் இதே வேலையைச் செய்யும். பாட்டிலில் கிடைக்கும் பாக்டீரியாவையும், அதற்கு உணவாகச் சிறிதளவு அம்மோனியாவையும் சேர்க்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அது பாக்டீரியாவைக் கொல்லும். அதனால் ஆர்ஓ நீரில், லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கணக்கில் அக்வேரிய உப்பைக் கலக்குங்கள். சமையல் உப்பு வேண்டாம். ஹைதராபாத் மே மாத வெயிலில் நீரை 25-26 டிகிரியில் வைக்க சில்லரோ ஏசியோ தேவைப்படும்.

டெஸ்ட் கிட்டில் பாருங்கள். சேர்த்த அம்மோனியா 24 மணி நேரத்தில் பூஜ்யமாகி, நைட்ரைட்டும் பூஜ்யமாகி, நைட்ரேட் தெரிந்தால் தொட்டி தயார். அப்போதும் முதலில் ஒன்றிரண்டு மீன் மட்டும் விடுங்கள்.

கடையில் 'ஒரிஜினல் கடல் கல்' என்று நீட்டினால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மிச்சமாவது ஒன்றிரண்டு வாரம்தான்.