பழைய வேன்... இளம் குடும்பம்! பணம் கொடுக்கும் முன் பாயைத் தூக்கிப் பாருங்க!

அருப்புக்கோட்டை –

கேரவன்!

இந்தப் பேரைக் கேட்டதும் நம்ம ஆட்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சினிமா ஷூட்டிங்தான். மரத்தடியில் நிற்கும் பெரிய வண்டி. உள்ளே ஏ.சி., ஆளுயரக் கண்ணாடி, மேக்கப், ஒரு நட்சத்திரம். வெளியே வெயிலில் நாம்!

ஆனால் கேரவன் பிறந்த கதையே வேறு. 1885-ம் ஆண்டு. இங்கிலாந்தில் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்று ஒரு டாக்டர். கதைகளும் எழுதுவார். ஊர் சுற்றுவதற்கென்றே சக்கரம் வைத்த வீடு ஒன்றை பிரிஸ்டல் நகரில் செய்யச் சொல்லி வாங்கினார். ‘வாண்டரர்’ என்று பெயர் வைத்தார். எடை சுமார் 2 டன். இழுக்க 2 குதிரை. உல்லாசப் பயணத்துக்காகச் செய்த முதல் கேரவன் அதுதான் என்று சொல்கிறார்கள்.

அட, நம்ம ஊரில் இதெல்லாம் அப்பவே உண்டே!

திருச்சுழி, நரிக்குடி, கமுதிப் பக்கத்து ஆட்டுக் கிடைக்காரர்களைக் கேளுங்கள். அறுவடை முடிந்ததும் கீதாரியின் பின்னால் மந்தை கிளம்பும். வைகைப் பாசனத்துக்கும் காவிரிக் கரைக்கும் போய் வயலில் கிடை போடுவார்கள். கூடவே பெண்டு பிள்ளைகள், சட்டி பானை, ஆட்டுக் குட்டிகளைக் கவிழ்த்து வைக்கும் ஓலைக் கூடு எல்லாம் போகும். ஒரு காலத்தில் தலைச்சுமை, மாட்டு வண்டி. இப்போது ‘குட்டியானை’ என்று நாம் கூப்பிடும் மினி லாரி! இந்தக் கரிசல் சீமைக்கு ஓடும் வீடு புதுசு இல்லை.

கோவிலுக்கு ரயில் உண்டா?

கட்டில், கழிப்பறை, சமையல் மேடை வைத்த நிஜக் கேரவனைக் கேரள அரசு 2021-ல் சுற்றுலாவுக்கென்று அறிமுகம் செய்தது. தறி நெய்கிறவரும், பலசரக்குக் கடை வைத்திருக்கிறவரும், பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க்கும் அதை விலைக்கு வாங்க முடியுமா? அவர்கள் தேடுவது பழைய வேன். மாருதி ஆம்னி, ஈக்கோ. கையைக் கடிக்காத விலையில் கிடைப்பது அதுதான்.

எதற்கு வேன்?

மகா சிவராத்திரி வந்தால் குலதெய்வம். ஆடிக் கடைசி வெள்ளி வந்தால் இருக்கன்குடி. பிள்ளைக்கு மொட்டை, காதுகுத்து. கிடா, அண்டா, அடுப்பு, பாய், தலையணை, பாட்டி. இத்தனையையும் ஏற்றிக்கொண்டு போய், ராத்திரி தங்கி, பொங்கல் வைத்துத் திரும்ப வேண்டும். விருதுநகர் – மானாமதுரை ரயில் அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியாகத்தான் போகிறது. ஆனால் குலதெய்வம் குடியிருப்பது கண்மாய்க்கரையில் அல்லவா? ஸ்டேஷனிலா இருக்கிறது!

வாடகை வண்டிக்கு வருஷா வருஷம் அழுவதைவிட, சொந்தமாக ஒன்று இருந்தால் தேவலை என்று இளம் தம்பதிகள் நினைப்பதில் தப்பில்லை. நகையை வைத்து, சீட்டு எடுத்து, முதல் முதலாக வாங்கும் வண்டி. அது முதல் மாசமே மெக்கானிக் ஷெட்டில் படுத்துவிட்டால்? அல்லது போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றுவிட்டால்?

“வாத்தியார் வண்டி தம்பி!”

பழைய வண்டி விற்கும் புரோக்கர்கள் எல்லா ஊரிலும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். “தம்பி, இது ஒரே கை வண்டி. வாத்தியார் ஓட்டுனது. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் எடுப்பாரு!”

தமிழ்நாட்டில் எத்தனை வாத்தியார்தான் ஆம்னி வைத்திருந்தாரோ தெரியவில்லை!

பெயின்டைப் பார்த்து மயங்காதீர்கள். முதலில் தரையில் விரித்திருக்கும் பாயைத் தூக்குங்கள். நம்ம பக்கத்தில் வேன்கள் சுமந்த சரக்கு அப்படி. சீமைக்கருவேலக் கரி மூட்டை ஏற்றியிருந்தால் மூலை முடுக்கெல்லாம் கரித்தூள் சொல்லிவிடும். தூத்துக்குடிப் பக்கம் உப்போ மீனோ சுமந்த வண்டியானால் தகடு துருப்பிடித்து அப்பளமாக இருக்கும். பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். பொடிந்தால் நடையைக் கட்டுங்கள்.

விடிகாலையில் போங்கள். சொல்லாமல் போனால் இன்னும் நல்லது. ஆம்னிக்கு எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். 796 சி.சி., 3 சிலிண்டர். சீட்டைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள். ஏற்கனவே சூடாக இருந்தால், ‘குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது’ என்பதை மறைக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம். ஸ்டார்ட் செய்து பின்னால் வந்து நில்லுங்கள். நீலப்புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லையா? ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. சித்திரை வெயிலில் தூத்துக்குடி நாலுவழிச் சாலையில், பிள்ளை குட்டியோடு, கொதிக்கும் எஞ்சின் மேல் உட்கார்ந்து போகப் போவது நீங்கள். இந்த ஒரு விஷயத்தில் தாட்சண்யம் கூடாது.

டயர்? பக்கவாட்டில் 4 இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. பழைய ரப்பர் வெடிக்கும். ஸ்டெப்னியையும் கீழே இறக்கிப் பாருங்கள். கருவேல முள் காட்டில் அதுதான் கடவுள்!

பேர் யாருடையது?

இரும்பைவிடக் காகிதம் முக்கியம். பலர் கோட்டை விடுவதும் இங்கேதான்.

தனியார் வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை சோதனைக்கு விட்டுப் புதுப்பிக்க வேண்டும். 2008 மாடல் வண்டி என்றால் 2023-லேயே கெடு முடிந்தது. புதுப்பித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கார், வேனுக்கு 600 ரூபாயாக இருந்த இந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டியவற்றுக்கு 2025-ல் 10,000 என்று உயர்த்தினார்கள். ஆம்னி 1984-ல் ‘மாருதி வேன்’ என்று வந்து 2019-ல் உற்பத்தி நின்ற வண்டி. ஆகவே மலிவாகக் கிடைக்கும் ஆம்னிகள் பல இந்தக் கணக்கில் மாட்டும்.

ஆர்.சி.யில் பைனான்ஸ் கம்பெனி பேர் இருக்கிறதா? கடன் தீர்ந்தது என்று வாயால் சொன்னால் போதாது. கம்பெனி கையெழுத்துப் போட்ட படிவம் 35 வேண்டும். கேரளா, புதுச்சேரி நம்பர் பிளேட்டா? அந்த ஊர் ஆட்சேபணையில்லாச் சான்று வேண்டும். இங்கே வரியும் கட்ட வேண்டும். விலை சல்லிசாக இருப்பதன் ரகசியம் அதுவாக இருக்கலாம்! வண்டி நம்பரை வைத்துப் ‘பரிவாகன்’ செயலியில் பார்த்தால் இன்சூரன்ஸ், கடன் விவரம் பெரும்பாலும் தெரிந்துவிடும். சேசிஸ் நம்பரை நீங்களே தகட்டில் படித்து ஒத்துப் பாருங்கள்.

பேர் மாற்றம்?

“படிவம் 29, 30-ல கையெழுத்துப் போட்டுத் தந்துட்டேன்ல, நீங்க மெதுவா மாத்திக்கிடுங்க” என்பார் விற்கிறவர். வாங்குகிறவரும் தலையாட்டுவார். அந்தக் காகிதம் பீரோவில் தூங்கும். அடுத்து அவர் இன்னொருவருக்கு விற்பார், அதே கையெழுத்தோடு!

இப்படிக் கை மாறிக் கை மாறிப் போன ஒரு காரின் கதை சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. முதல் சொந்தக்காரர் விற்றது 2007-ல். அப்புறம் வாங்கிய யாரும் பேர் மாற்றவில்லை. 2009-ல் அந்தக் கார் பின்னோக்கி வந்து மோதியதில் ஒரு பையன் இறந்துவிட்டான். நஷ்டஈடு யார் தலையில்? 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பதிவுப் புத்தகத்தில் யார் பேர் இருக்கிறதோ அவரே சட்டப்படி சொந்தக்காரர், அவரே பொறுப்பு என்றது கோர்ட்டு. வண்டியைக் கண்ணால் பார்த்தே பல வருஷம் ஆன மனிதர் பணம் கட்ட வேண்டிய நிலை!

விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பேர் மாற்றக் கேட்க வேண்டும் என்பது சட்டம். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்றக் கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் வண்டி நொறுங்கினால் உங்களுக்குக் காசு வருவது சந்தேகம்.

கடையில் வாங்குகிறீர்களா? பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. “சான்று இருக்கா அண்ணாச்சி?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் முகம் போகும் போக்கே பாதி பதில்!

ராத்திரி படுக்கலாமா?

வண்டி வாங்கியாச்சு. சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டுக் கட்டில் அடிக்கலாமா? கூடாது. ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியைத் திருத்தினால் மோட்டார் சட்டப்படி குற்றம். ராத்திரி மட்டும் சீட்டை மடக்கி மேலே போட்டு, விடிந்ததும் எடுத்துவிடக் கூடிய பலகை போதும். பிள்ளைகள் உள்ளே; பெரியவர்கள் கோவில் மண்டபத்தில்!

வீட்டு கேஸ் சிலிண்டரில் வேன் ஓட்டுகிற வித்தை தெரிந்த ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பழைய ஆம்னியில் பின் சீட்டுக்கு அடியில் ரப்பர் குழாய் ஏதாவது தட்டுப்பட்டால், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். முறையான கேஸ் கிட் என்றால் ஆர்.சி.யில் எரிபொருள் பகுதியிலேயே பதிந்திருக்கும்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்கே தெரியாது. 2024 டிசம்பரில் கேரளாவில் வடகரை அருகே ரோட்டோரம் நின்ற நிஜக் கேரவனுக்குள் 2 பேர் பிணமாகக் கிடந்தார்கள். அடிதடி இல்லை, விஷம் இல்லை. ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு வாயு தரையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்திருக்கிறது! வாசனையே கிடையாது அதற்கு. தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படுக்கவே படுக்காதீர்கள். துருப்பிடித்த தரையைத் தூக்கிப் பார்க்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

ஆம்னியின் மூக்கு சப்பை. ஓட்டுகிறவரின் முழங்காலுக்கு முன்னால் தகடு மட்டும்தான். 2025 மே மாதம் சாத்தான்குளம் அருகே மீரான்குளத்தில் ஒரு ஆம்னி வேன் ரோட்டோரக் கிணற்றில் பாய்ந்து, குழந்தை உள்பட 5 பேர் இறந்தார்கள். நம்ம கிராமத்து ரோடுகளிலும் தடுப்புச் சுவர் இல்லாத கிணறுகள் உண்டு. ராத்திரி ஓட்டாதீர்கள். இழுவைக் கதவின் பூட்டைப் பிள்ளைகள் ஏறும் முன் இழுத்துப் பாருங்கள்.

வாங்கிய மறுநாளே தெருவில் ஒரு கூட்டம் வரும். “மாப்ளே, திருச்செந்தூர் போகணும். பெட்ரோலுக்கு மேல போட்டுத் தந்துடுறோம்!” நம்பர் பிளேட் வெள்ளை. வாடகைக்கு ஓட்டினால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். சும்மாவே அழைத்துப் போகிறீர்கள் என்றாலும், ஆர்.சி.யில் போட்டிருக்கும் ஆள் கணக்கு 5 அல்லது 8. கேட்க வந்த வீட்டில் மட்டும் 9 பேர்!