கருவாலிக் காய்ப்பும் மான்களின் நடமாட்டமும்

நுழையும்முன்

காட்டு மரங்கள் மிகுதியாகக் காய்த்த ஆண்டில் மான்கள் காணாமற்போகுமா? வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வேட்டையாடுவோர் பலர் சில ஆண்டுகளில் அவ்வாறே எண்ணுவதுண்டு. உண்மையில் மான்கள் குறைவதில்லை. அவற்றின் நடைதான் குறைகிறது. கண்ணில் படுவதையே இருப்பதாகக் கணக்கிடும்போது நேரும் பிழையை இக்கட்டுரை விளக்குகிறது.

காடு தரும் உணவு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்கே நீண்டு கிடப்பது அப்பலாச்சிய மலைத்தொடர். அதன் சரிவுகளிலுள்ள இலையுதிர்க் காடுகளில் ஓக் எனப்படும் கருவாலி மரங்கள் நிறைந்துள்ளன. இலையுதிர் காலத்தில் இம்மரங்களிலிருந்து சிறு கிண்ணத்தில் பொருத்தி வைத்தாற்போன்ற கொட்டைகள் உதிர்கின்றன. மாவுச்சத்தும் கொழுப்பும் மிக்க இக்கொட்டைகளை வெண்வால் மான், கருங்கரடி, காட்டு வான்கோழி, அணில், எலி ஆகியன விரும்பி உண்கின்றன. பனி மூடிய குளிர்காலத்தில் மானுக்குக் கிடைக்கும் உணவு மிகக் குறைவு. ஆதலால், அதற்கு முன்பே உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்வது அதன் உயிர்வாழ்வுக்கு இன்றியமையாதது.

காய்ப்பு மாறுவது ஏன்?

கருவாலி ஆண்டுதோறும் ஒரே அளவில் காய்ப்பதில்லை. ஓர் ஆண்டில் தரையெங்கும் கொட்டைகள் இறைந்து கிடக்கும். மற்றோர் ஆண்டில் தேடினாலும் கிடைப்பது அரிது. இதற்குக் காலநிலை ஒரு காரணமாகும். கருவாலி வசந்த காலத்தில் பூத்துக் காற்றால் மகரந்தச் சேர்க்கை அடைவது. பூக்கும் வேளையில் உறைபனி பெய்தால் பூக்கள் கருகிவிடும்.

மற்றொரு காரணத்தையும் அறிவியலாளர் கூறுவர். பல மரங்கள் ஒரே ஆண்டில் மிகுதியாகக் காய்த்தால், விலங்குகள் வயிறார உண்டபின்னும் எஞ்சும் விதைகள் முளைக்க வாய்ப்புண்டு. இடைப்பட்ட ஆண்டுகளில் காய்ப்புக் குறைவதால் விதையுண்ணும் சிற்றுயிர்களின் பெருக்கமும் கட்டுப்படும். நம் நாட்டு மூங்கில்கள் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்து விதைப்பதற்கும் இத்தகைய விளக்கமே கூறப்படுகிறது.

இருவகைக் கொட்டைகள்

அக்காடுகளின் கருவாலிகளை வெண்கருவாலி, செங்கருவாலி என இரு பெரும் பிரிவுகளாகப் பகுப்பர். வெண்கருவாலியின் கொட்டை, பூத்த ஆண்டிலேயே முற்றி உதிர்ந்து அப்பருவத்திலேயே முளைவிடும். செங்கருவாலியின் கொட்டையோ மறு ஆண்டின் இலையுதிர் காலத்தில்தான் முற்றும். உதிர்ந்தபின் அடுத்த வசந்தத்தில் முளைக்கும். எனவே, ஒரு வசந்தத்தில் பெய்யும் உறைபனி வெண்கருவாலியின் விளைச்சலை அவ்வாண்டும், செங்கருவாலியின் விளைச்சலை மறு ஆண்டும் பாதிக்கிறது.

சுவையிலும் வேறுபாடு உண்டு. கடுக்காய்க்குத் துவர்ப்பைத் தரும் டானின் என்னும் பொருள் செங்கருவாலிக் கொட்டையில் மிகுதி. வெண்கருவாலிக் கொட்டையில் குறைவு. ஆகவே, மான்கள் பெரும்பாலும் வெண்கருவாலிக் கொட்டைகளை முதலில் நாடுகின்றன. அவை தீர்ந்தபின் செங்கருவாலிகளின் அடிக்குச் செல்கின்றன.

தெரிந்து தெளிவோம்

முற்காலத்தில் இக்காடுகளில் அமெரிக்கச் செஸ்ட்நட் மரங்களும் மிகுந்திருந்தன. கருவாலியைக் காட்டிலும் அவை ஆண்டுதோறும் தவறாது காய்த்தன. 1904ஆம் ஆண்டு நியூயார்க்கில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோயால், அரை நூற்றாண்டுக்குள் 300 கோடி முதல் 400 கோடி மரங்கள் வரை அழிந்தன என மதிப்பிடப்படுகிறது. அதன்பின் காட்டுயிர்கள் கருவாலியைப் பெரிதும் சார்ந்திருக்க வேண்டியதாயிற்று.

உணவும் நடையும்

காய்ப்பு மிகுந்த ஆண்டில் மான் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அடர்ந்த மரங்களின் கீழேயே உணவும் மறைவிடமும் அருகருகே கிடைக்கின்றன. வயல்வெளிகளுக்கும் புல்வெளிகளுக்கும் அது வருவது குறைகிறது. காய்ப்புப் பொய்த்த ஆண்டில் நிலைமை தலைகீழாகிறது. உணவைத் தேடி மான்கள் காட்டோரங்களுக்கும் விளைநிலங்களுக்கும் சாலையோரங்களுக்கும் வருகின்றன. அப்போது அவை எளிதில் கண்ணில் படுகின்றன; எளிதில் வேட்டைக்கும் இலக்காகின்றன.

வேட்டைக் கணக்கும் காய்ப்புக் கணக்கும்

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் மான்களைக் காக்கிறது. கிழக்கு அமெரிக்காவிலோ மானை உண்டு வாழ்ந்த ஓநாயும் மலைச்சிங்கமும் பெரும்பாலான இடங்களிலிருந்து மறைந்துவிட்டன. அங்கு மான்களின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த, உரிமம் பெற்றோர் குறித்த காலத்தில் குறித்த எண்ணிக்கையில் வேட்டையாட மாநில அரசுகள் இசைவளிக்கின்றன. ஆண்டுதோறும் வேட்டையாடப்பட்ட மான்களின் எண்ணிக்கை, அவற்றின் தொகையை மதிப்பிட உதவும் சான்றுகளுள் ஒன்றாகும்.

இங்கேதான் பிழை நேரக்கூடும். காய்ப்பு மிகுந்த ஆண்டில் வேட்டை குறைந்ததைக் கண்டு, மான்களே குறைந்துவிட்டன என முடிவுசெய்து, அடுத்த ஆண்டின் வேட்டை வரம்பைச் சுருக்கினால் என்ன ஆகும்? நன்கு உண்டு குளிரைக் கடந்த பெண்மான்கள் நலமிக்க குட்டிகளை ஈனும். மான்கள் மேலும் பெருகும். பெருகிய மான்கள் கருவாலியின் இளங்கன்றுகளையும் மேய்ந்துவிடும். கன்றுகள் வளராவிடில் எதிர்காலத்தில் கொட்டைகள் ஏது? தவறாகப் படித்த ஒரு கணக்கு, மானுக்கு உணவளிக்கும் காட்டையே காலப்போக்கில் நலிவுறச் செய்துவிடும்.

இதனைத் தவிர்க்கவே மேற்கு வர்ஜீனியா முதலிய மாநிலங்களின் வன உயிரினத் துறையினர் ஆண்டுதோறும் மரங்களின் காய்ப்பைக் கணக்கெடுக்கின்றனர். வேட்டையின் எண்ணிக்கையைக் காய்ப்பின் அளவோடு இணைத்துப் பார்க்கும்போதுதான் அதன் உண்மைப் பொருள் புலப்படுகிறது.

ஓர் எண் தனித்து நின்று உண்மையை உரைப்பதில்லை. மானைப் பற்றி அறிய விரும்புவோர், முதலில் மரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும்.

சிந்தனை வினாக்கள்

1. வெண்கருவாலி, செங்கருவாலிக் கொட்டைகளின் வேறுபாடுகளைக் கூறுக.
2. காய்ப்புப் பொய்த்த ஆண்டில் மான்கள் மிகுதியாகக் கண்ணில் படுவது ஏன்?
3. 'வேட்டை குறைந்தது, எனவே மான்கள் குறைந்தன' – இம்முடிவின் பிழையை விளக்குக.