எரிச்சலுக்குப் பயந்து பட்டினி கிடக்கலாமா?

பெருங்குடல் புண் முற்றியவர்களுக்கு அக்குடலை அகற்றிவிட்டு, சிறுகுடலின் கடைப்பகுதியை மடித்துப் பைபோல் தைத்து ஆசனவாயுடன் இணைக்கிறார்கள். 1978-இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனை மருத்துவர்கள் அறிவித்த முறை இது.

அதன்பின் நாளொன்றுக்கு ஐந்தாறு முறை மலம் கழிவது இயல்பே. அதில் கலந்துவரும் பித்தநீரும் செரிமானச் சாறும் தோலை அரிப்பதால் எரிச்சல் உண்டாகிறது. இதற்குப் பயந்து சாப்பாட்டைக் குறைப்பது தவறு. வயிறு காலியாக இருந்தாலும் அச்சாறுகள் சுரக்கும். நீரும் உப்பும் குறைந்து உடல் தளர்ந்துவிடும்.

சோறு, வாழைப்பழம், உருளைக்கிழங்கு ஆகியவை மலத்தைக் கெட்டியாக்கும். சம்பல், சோளம், கச்சான் ஆகியவற்றைத் தொடக்கத்தில் தவிர்க்கலாம். வாசனைச் சோப்பு வேண்டாம். வெறும் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, ஸிங்க் ஆக்ஸைட் களிம்பு பூசலாம். இரத்தமோ காய்ச்சலோ கண்டால் உடனே மருத்துவரை நாடுவது அவசியம்.