மூல ஓலையும் படி ஓலையும்

வழக்காடுவோர் இன்று வழங்கும் அசல், நகல் என்பன அரபுச் சொற்கள். சொல் அயலதாயினும், அவை சுட்டும் நெறி தமிழர்க்குப் புதிதன்று. 12ஆம் நூற்றாண்டினதாகிய பெரியபுராணத்துள், சுந்தரரைத் தம் அடிமையென உரைத்த வேதியரிடம் திருவெண்ணெய்நல்லூர் அவையினர் ஆட்சி, ஆவணம், காட்சி என்னும் மூவகைச் சான்றுள் ஒன்றை வேண்டுகின்றனர். ஆட்சி, வழிவழி வந்த நடைமுறை, ஆவணம், எழுத்து, காட்சி, அயலார் சான்று. சுந்தரர் கிழித்தது படி ஓலையே எனக் கூறி, வேதியர் மூல ஓலையைக் காட்டுகின்றார். பாட்டனாரின் எழுத்தை அவர் எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கிய பின்னரே அவையினர் தீர்ப்புரைக்கின்றனர். மூலத்திற்கும் படிக்கும் உள்ள இவ்வேறுபாட்டினையே 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் முதல்நிலை, இரண்டாம்நிலைச் சான்றுகளென வகுத்தது. 2024 ஜூலையில் அதற்கு மாற்றாக நடைமுறைக்கு வந்த சட்டமும் இதனை மேற்கொண்டுள்ளது. ஆதலின், சட்டக் கலைச்சொல் ஆக்குவோர் இலக்கிய வழக்கினை முதற்கண் ஆராய்தல் வேண்டும்.