முயலுக்குத் தூக்கும் நாட்டுத் துப்பாக்கி: ஆபத்தும் சட்டமும் தீர்வும்

“முயல்தானே அடித்தோம், யானையையா சுட்டோம்?” பெங்களூரைச் சுற்றி ஆனேக்கல், ஹாரோஹள்ளி, கனகபுரா பக்கம் பண்ணை வைத்திருப்பவர்களும் அங்கே காவலுக்கு இருப்பவர்களும் இந்த எண்ணத்தை இன்றே கைவிட வேண்டும். பன்னேர்கட்டா தேசியப் பூங்கா நகரின் தெற்கு ஓரத்தில் தொடங்கி, காவிரி வனவிலங்குச் சரணாலயம் வரைக்கும், தமிழ்நாட்டின் தளி, அஞ்செட்டிக் காடுகள் வரைக்கும் தொடர்கிறது. இந்த வட்டாரத்தில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கியோடு முயலுக்குப் போகிறவர் ஒரே இரவில் இரண்டு மத்தியச் சட்டங்களை மீறுகிறார்.

முதல் ஆபத்து சுடுபவருக்கே

இந்தத் துப்பாக்கியில் குழாயின் வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி, துணியையோ நாரையோ திணித்து, ஈயக் குண்டோ சைக்கிள் பால்ரஸோ போட்டுக் கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். குழாய் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். மருந்தும் கைக்கணக்குதான். கொஞ்சம் கூடினாலோ, ஏற்கெனவே கெட்டித்ததை மறந்து இன்னொரு முறை கெட்டித்தாலோ, குழாய் சுடுபவரின் முகத்துக்கு அருகிலேயே வெடிக்கலாம். விசையை இழுத்தவுடன் வெடிக்காமல் சில நொடி கழித்துச் சீறுவதும் உண்டு.

கெட்டித்த மருந்தை வெளியே எடுப்பது எளிதல்ல. அதனால் நிரப்பிய துப்பாக்கியை அப்படியே பரணில் வைத்துவிடுகிறார்கள். அது பிள்ளைகள் கைக்கு எட்டினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். குழலின் உட்புறம் வழுவழுப்பாக இருப்பதால் குண்டுகள் சிதறிப் பாயும். இருட்டில் டார்ச் அடித்துச் சுடும்போது, புதருக்குள் அசைவது பன்றியா, இயற்கை உபாதைக்கு ஒதுங்கிய மனிதரா என்பது சுட்ட பிறகுதான் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, கொல்வது மட்டும் வேட்டையல்ல. சுட முயல்வதும், கண்ணி வைப்பதும், விரட்டிப் பிடிப்பதும் வேட்டைதான். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முயலும் காட்டுப்பன்றியும் இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றன. இவற்றை வேட்டையாடினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மயில், உடும்பு போன்ற முதல் அட்டவணை உயிரினம் என்றாலோ, வேட்டை தேசியப் பூங்காவுக்குள் அல்லது சரணாலயத்துக்குள் நடந்தாலோ, குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. வேட்டைக்குப் போன பைக்கும் ஜீப்பும் பறிபோகும். கறியை வாங்கியவரும் தப்ப முடியாது.

ஆயுதச் சட்டம் தனி வழக்கு. 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி, உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு சிறை. அதைச் செய்து விற்றவருக்குக் குறைந்தது 7 ஆண்டு. ஆயுள் வரையும் போகலாம்.

“குடகில் உரிமம் இல்லாமல் வைத்திருக்கிறார்களே?” என்று கேட்பார்கள். கொடவ இனத்தாருக்கும் ஜம்மா எனப்படும் பரம்பரை நிலம் உடையவர்களுக்கும் 2029 வரை தரப்பட்டுள்ள அந்த விலக்கு, துப்பாக்கி உரிமத்துக்கு மட்டுமே. வேட்டைக்கு அவர்களுக்கும் அனுமதி இல்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும் பழங்குடியினரின் மரபு உரிமைகளை ஏற்கும்போது வேட்டையை வெளிப்படையாக விலக்கியிருக்கிறது.

விவசாயிக்கு வழி உண்டு

பயிரைப் பன்றி அழிக்கும்போது விவசாயி படும் வேதனை நியாயமானது. அதைச் சட்டமும் அறியும். பயிர்க் காவலுக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்க ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இடம் தருகிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீடும் செய்யலாம். ஆனால் இந்த உரிமம் விலங்கைச் சுடும் அனுமதி அல்ல. அதற்குத் தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்தவரோ எழுத்தில் உத்தரவிட வேண்டும். தமிழ்நாடு 2025 ஜனவரியில் கொண்டுவந்த ஏற்பாட்டிலும் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் காட்டுப்பன்றியைச் சுடலாம், சுடுவதும் வனத்துறையினர்தான்.

பயிர் சேதமானால் அன்றே படம் எடுத்து, வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு மனு கொடுத்து, ரசீது வாங்குங்கள். விலங்கு நேரடியாகத் தாக்கி, உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு அதைக் கொல்ல நேர்ந்தால் அது குற்றமல்ல. ஆனால் வேட்டைக்குப் போன இடத்தில் தாக்கியது என்றால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

பரணில் பழைய துப்பாக்கி இருந்தால்

தாத்தா காலத்து உரிமம் காலாவதியாகியிருந்தால், தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ஒப்புகை பெறுங்கள். உரிமமே இல்லாததென்றால் முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். தாமாக ஒப்படைப்பவர்மீது வழக்கில்லை என்று காவல்துறை சில மாவட்டங்களில் அறிவிப்பதுண்டு. உங்கள் பகுதியில் அப்படி அறிவிப்பு இருக்கிறதா என்று கேட்டறியுங்கள். நிரப்பிய துப்பாக்கியை நீங்களே பிரிக்கவோ பஸ்ஸில் கொண்டுபோகவோ கூடாது.

கைதானால்

காரணத்தைத் தெரிந்துகொள்வதும், வீட்டுக்குத் தகவல் போவதும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதிமுன் நிறுத்தப்படுவதும் உங்கள் உரிமைகள். உதவி வனப் பாதுகாவலர் அல்லது அவருக்கு மேற்பட்ட அதிகாரி விசாரித்துப் பதிவு செய்யும் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாகலாம். ஆகவே கன்னடம் படிக்கத் தெரியாதவர்கள், எழுதியதைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள். வெற்றுத்தாளில் கைநாட்டு வைக்கவே கூடாது. காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

பண்ணை உரிமையாளர்களே, காவலாளியிடம் துப்பாக்கியைக் கொடுத்து “காட்டுக்கறி கொண்டு வா” என்று அனுப்பினால் நீங்களும் குற்றவாளிதான். இரவில் வெடிச் சத்தம் கேட்டால் நீங்கள் தேடிப் போகாதீர்கள். 112க்கோ வனத்துறையின் 1926க்கோ சொல்லுங்கள். ஒரு வேளைக் கறிக்காக ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்துக்கு அலையும் நிலையை இந்த ஒரு அழைப்பு தடுக்கலாம்.